புதன்கிழமைத் தொரை

1

நோர்வேக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்த அதே வாரத்தில், நான் நலிவுற்றவள் என்று நகரசபை எனக்கு எழுத்தில் அறிவித்தது.

கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. "அன்புள்ள ஸ்டெல்லா சவரிமுத்து, நீங்கள் தனியாக இல்லை" என்று தொடங்கியது. அடுத்த புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு துணையாளர் என் வீட்டுக்கு வருவாராம். நான் எதுவும் தயார் செய்யத் தேவையில்லையாம். கேக்கையும் அவரே கொண்டுவருவாராம்.

வேலையிடத்தில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். தாளைத் திருப்பினால் பின்னால் ஒரு புள்ளி அட்டவணை. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அட்டவணையை உருவாக்கியவள் நான்தான்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் ஆய்வாளர். உதவி தேவைப்படுகிறவர்கள் நகரத்தில் எங்கே இருக்கிறார்கள், உதவி செய்யும் அலுவலகங்கள் எங்கே இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கணினியில் படம் வரைவேன். மூன்று வருடம் படியேறி இறங்கி, கதவு தட்டி, ஒரு முறையை உருவாக்கினேன். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் ஒரு புள்ளி. வீட்டில் வேறு மொழி பேசினால் ஒன்று. தனியாகப் பிள்ளை வளர்த்தால் ஒன்று. கார் இல்லாவிட்டால் ஒன்று. நெருங்கிய உறவினர் வேறு நாட்டில் இருந்தால் ஒன்று. எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாவிட்டால் ஒன்று. ஆறு புள்ளி சேர்ந்தால் நகரசபை தானாகவே ஆள் அனுப்பும். "உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்கள் விண்ணப்பம் போட மாட்டார்கள்" என்று என் அறிக்கையில் எழுதியிருந்தேன். அந்த வரிக்கு ஒரு கூட்டத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது.

என் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன். சரியாக ஆறு.

நகரசபைக்குப் போன் எடுத்தேன். ஒரு இளம்பெண். குரலில் தேன்.

"ஒரு தவறு நடந்திருக்கிறது. எனக்கு உதவி தேவையில்லை. அந்த அட்டவணையை எழுதியதே நான்தான்," என்றேன்.

"ஓ," என்றாள். சற்று நிறுத்தி, இன்னும் மெதுவாக, "உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?"

"தோன்றவில்லை. நான்தான் எழுதினேன். எனக்குத் துணையாளர் வேண்டாம்."

"வேண்டாம் என்கிறீர்கள். பதிந்துகொள்கிறேன்." தட்டச்சுச் சத்தம் கேட்டது. "இப்போது உங்களுக்கு ஏழு புள்ளி."

உதவியை மறுப்பதும் தனிமையின் ஓர் அறிகுறி, அதற்கும் ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். அதையும் நான்தான் எழுதியிருந்தேன். அடிக்குறிப்பில்.

2

நோர்வீஜிய மொழியில் என்னைப் போன்றவர்களுக்கு "ஊட்சாட்" என்று ஒரு சொல் உண்டு. ஆபத்துக்கு நேரே நிற்கிறவர், நலிவுற்றவர் என்று பொருள். அதே சொல்லுக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்றும் பொருள். கூட்டம் நாளைக்குத் தள்ளிப்போனாலும் ஊட்சாட், ஆதரவில்லாத கிழவரும் ஊட்சாட். வந்த புதிதில் எனக்கு இரண்டாவது பொருள் மட்டும்தான் தெரியும். முதல் கருத்தரங்கில் "ஊட்சாட் மக்களுக்கான வீடுகள்" என்று ஒருவர் பேசியபோது, தள்ளிவைக்கப்பட்ட மக்கள் போலிருக்கிறது, பிறகு எப்போதாவது கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டேன். இலங்கையில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்து ஆட்களை நினைத்தால் அந்தக் குறிப்பில் பெரிய தவறு இருந்ததாகத் தோன்றவில்லை.

பட்டியலிலிருந்து வெளியேற ஒரே வழி மேல்முறையீடு. அதை மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும். அதில் ஒருவர் பல்கலைக்கழக ஆய்வாளராக இருக்க வேண்டும். அந்த ஆய்வாளர் நான். என் வழக்கில் நானே உட்கார முடியாது என்பதால் விலகி நின்றேன். நான் விலகியதும் குழுவில் ஆள் போதவில்லை.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஊட்சாட் ஸ்டெல்லாவின் முறையீடு ஊட்சாட்.

3

அதற்கு முன்பே, கடிதத்தில் சொன்ன புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. புதன்கிழமைகளில் நான் வீட்டிலிருந்து வேலை செய்வேன். கதவைத் திறந்தால் அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர், மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, கேக் டப்பாவோடு நின்றார். பெயர் டோர்பியோன். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"நான் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். இரண்டு மணி வரை இருப்பேன்," என்றார்.

அப்படியே இருந்தார். நான் கணினியில் வேலை செய்தேன். அவர் சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியே போகிற பஸ்களைப் பார்த்து, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று சொன்னார். போகும்போது ஒரு படிவத்தை நிரப்பினார். "இன்றைய தொடர்பின் தரம்" என்ற இடத்தில் "மிக நன்று" என்று எழுதினார்.

மூன்றாவது புதன்கிழமை என் மகள் லியா பள்ளிக்கூடம் அரைநாள் என்று வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். இந்த ஊர்த் தமிழ்ப் பள்ளி யாழ்ப்பாணத்தவர்கள் நடத்துவது. நல்ல மனிதர்கள். நான் சிங்களவர் நிறைந்த கேகாலைப் பக்கம் என்று சொன்ன முதல் நாள், "அங்கையும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்கள். அங்கே போக ஆரம்பித்ததிலிருந்து லியா என் தமிழைத் திருத்துகிறாள்.

"லியா, நாங்க கடைக்குப் போறோம், வர்றியா?" என்றேன் அன்று.

"போறோம் இல்லை அம்மா, போறம். ரீச்சர் சொன்னவா."

"என்ன சொல்கிறாள்?" என்று டோர்பியோன் கேட்டார். சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு படிவத்தை எடுத்து, "வீட்டிலேயே மொழிச் சிறுபான்மை" என்று எழுதிக்கொண்டார். எட்டாவது புள்ளி.

அடுத்த கேள்விக்கு வந்தார். "உங்கள் உறவு வலையில் யார் இருக்கிறார்கள்?"

"அப்பா. இலங்கையில்."

"அவரோடு எப்போது பேசுவீர்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"இப்போதே பேசுவோமே," என்றார். உறவு வலையில் இருப்பவர்களைத் துணையாளர் அறிந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை யார் எழுதியது என்று சொல்லத் தேவையில்லை.

4

அப்பா இருப்பது ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். பன்னிரண்டு காம்பிரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், ஒரே வரிசையாக உள்ள லயத்தில் ஏழாவது காம்பிரா. நாற்பது வருடம் பால் வெட்டினார். அம்மா போய் ஆறு வருடமாகிறது. டவுனில் வீடு எடுத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "பதினோரு வீட்டை விட்டுட்டு நான் மட்டும் எங்க போறது?" என்பார்.

போன வருடத்து மழையில் லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து மண் இறங்கியது. பன்னிரண்டு சமையல் குசினிகளின் சுவரிலும் விரல் நுழைகிற வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இங்கே இருக்கக் கூடாது, வேறு இடம் தர வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் லயத்துக்கு ஒரே கூரை, ஒரே விலாசம். வரும் கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். ஒரு விலாசம் என்றால் பதிவேட்டில் ஒரு வீடு. ஆகவே பன்னிரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து நிவாரணமாக ஒரு தார்ப்பாய் வந்தது.

அப்பா அதற்கு முறை போட்டார். ஒரு வாரம் ஒரு காம்பிரா. தன் முறை வரும் வாரத்தில் மழை பெய்யாவிட்டால் சனங்கள் சண்டைக்கு வந்தார்களாம். "மழை இல்லாத வாரம் கணக்குல சேராது, எங்களுக்கு இன்னொரு வாரம் வேணும்." அப்பா மழை நாட்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார். நான் மூன்று அலுவலகங்களுக்கு, சிங்களத்தில், என் பட்டங்களையெல்லாம் பெயருக்குப் பின்னால் போட்டுக் கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அன்று வீடியோவில் அழைத்தபோது போனைப் பிடித்திருந்தது பக்கத்துக் காம்பிரா செல்வி. அப்பா வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திரையில் டோர்பியோனின் முகம் தெரிந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"குட் மார்னிங் சேர்," என்றார். அங்கே சாயங்காலம்.

"அப்பா, உக்காருங்க. இவரு தொரை இல்ல."

"பின்ன யாரு? ஒன்னையப் பாக்க வந்திருக்காரா? நீ என்னா புள்ள தப்பு செஞ்ச?"

"தப்பு ஒண்ணும் இல்லப்பா. சும்மா பேச வந்திருக்காரு. டோர்பியோன்னு பேரு."

அப்பா அதைச் சொல்லிப் பார்த்தார். "தொரை... பியோன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பேருலயே தொரையும் இருக்கு, பியோனும் இருக்கு. ரெண்டுல எதுன்னு கேட்டுச் சொல்லு, அதுக்குத் தக்கன பேசணும்."

மொழிபெயர்த்தேன். டோர்பியோன் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டார். "பஸ் ஓட்டுநர் என்று சொல்லுங்கள்."

"ட்ரைவரா?" அப்பா உட்கார்ந்துவிட்டார். துண்டு மறுபடி தலைக்குப் போனது. "அப்படிச் சொல்லு. ரோடு எப்பிடி அங்க?"

ரோட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். பிறகு மழை. எங்கள் ஊரிலும் இந்த ஊரிலும் அது தீராத பேச்சு. முடிவில் டோர்பியோன் கேட்டார்: "கூரை எப்படி இருக்கிறது?"

அப்பா செல்வியிடமிருந்து போனை வாங்கி எழுந்து உள்ளே போய் குசினிச் சுவரைக் காட்டினார். வெடிப்பு வழியாகப் பின்னாலிருந்த மண் தெரிந்தது. டோர்பியோன் திரைக்கு நெருங்கிக் குனிந்தார். போகும்போது படிவத்தில் ஒன்றும் எழுதவில்லை. கேக்கும் அப்படியே இருந்தது.

அடுத்த புதனும் கேட்டார். அதற்கடுத்த புதனும். "கூரை எப்படி இருக்கிறது? சுவர்?" நான் அந்தச் சுவரைப் பற்றி என் ஆய்வுகளில் ஒரு வரி எழுதியதில்லை. அப்பாவிடமும் வாராவாரம் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்ற பயம்தான். அதை இப்போது சொல்லலாம்.

5

ஏழாவது எட்டாவது புதன்கிழமையாக இருக்கும். கிராம சேவகர் வேறு எதற்கோ லயத்துக்கு வந்திருந்தார். சிங்களவர், இளைஞர், பொல்லாதவர் இல்லை. ஏழாம் காம்பிரா இஸ்தோப்பில் போன் திரையில் ஒரு வெள்ளைக்காரர் பேசுவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கவுத மே?" யார் இது என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா சிங்களம் நன்றாகப் பேசுவார், வாசிக்கத்தான் தெரியாது. நடந்ததை உள்ளபடி சொன்னார். "நோர்வேயிலருந்து பேசுறாரு மாத்தியா. புதன்கிழமை தவறாம கூப்பிட்டு சுவரு எப்பிடின்னு கேக்குறாரு."

அந்த நேரம் பார்த்து டோர்பியோன் திரையிலிருந்து ஆங்கிலத்தில், "பன்னிரண்டு வீடுகளையும் பார்க்க முடியுமா?" என்றார். அவருக்குத் தார்ப்பாய் இந்த வாரம் யார் வீட்டில் என்று தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கிராம சேவகர் சேர்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

மறுவாரம் மூன்று பேரோடும் ஒரு பெயின்ட் டப்பாவோடும் வந்து, பன்னிரண்டு கதவுகளிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கம் எழுதினார்கள். குடும்பம் குடும்பமாகப் பதிந்தார்கள். செல்வி போனில் ஒவ்வொரு கதவாகக் காட்டினாள். "அக்கா, இப்ப நாங்க தனி வீடு," என்று சிரித்தாள். நான் வரைந்த எந்தப் படத்தாலும் நகராத ஒன்று, ஒரு பஸ் ஓட்டுநரின் கேள்வியால் நகர்ந்தது. சந்தோஷப்பட்டேன். உள்ளே கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் புது இடத்துக்கான பட்டியல் தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. பதினோரு குடும்பங்கள் இருந்தன. ஏழாம் இலக்கம் இல்லை. அப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு சிங்களக் கடுதாசி. செல்வி அதைப் போனில் காட்ட நான் வாசித்தேன்: இந்த வீடு ஏற்கெனவே ஒரு வெளிநாட்டுத் திட்டத்தின் பராமரிப்பில் உள்ளதால் சேர்க்கப்படவில்லை.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் டோர்பியோனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நான்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குத்தான் முதலில் சொன்னேன்.

"அப்ப அவங்க பதினோரு பேரும் போயிருவாங்க," என்றார். "எனக்கு மட்டும் தொரை இருக்காரு."

6

பட்டியல் போட்ட அலுவலகத்துக்கு நானே போன் எடுத்துச் சிங்களத்தில் பேசினேன். அந்தப் பெரியவர் ஒரு திட்டமும் நடத்தவில்லை, சும்மா பேசுகிறவர் என்றேன். "அப்படியானால் அவரே எழுதித் தரட்டும்," என்றார்கள். "அந்த நாட்டு அரச அலுவலக முத்திரையோடு."

டோர்பியோனிடம், "ஸ்டெல்லாவின் அப்பா சவரிமுத்துவுக்கு நான் எந்த உதவியும் செய்யவில்லை என்று ஒரு கடிதம் வேண்டும்," என்றேன்.

அவர் முகம் மாறியது. "அது உண்மை இல்லையே."

"நீங்கள் ஒரு உதவியும் செய்யவில்லை, டோர்பியோன்."

"ஒவ்வொரு புதன்கிழமையும் பேசுகிறேன். இத்தனை வாரமும் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது இல்லை என்று எழுதினால் ஒன்று பொய்யாகிவிடும்." முப்பது வருடத்தில் ஒரு நிமிடம் முன்னதாகப் பஸ்ஸை எடுக்காத மனிதர். அசைய மாட்டார் என்று தெரிந்தது. எனக்குக் கோபத்தில் குரல் உயர்ந்தது. அங்கே ஒரு மலை சரிகிறது, இங்கே இவருக்குப் படிவம் பெரிதாகிவிட்டது.

போனில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் சண்டை புரிந்தது. என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

"அவரைப் பொய் எழுதச் சொல்லாத," என்றார். "பேச்சுத் தொணை மட்டும்தான்னு எழுதச் சொல்லு. அது நெசந்தானே."

டோர்பியோன் மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினார். நான்கே வரி.

"நான் திரு. சவரிமுத்துவோடு புதன்கிழமைகளில் பேசுகிறேன். மழையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசுகிறோம். நான் அவருடைய சுவரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க என்னால் முடியாது. அந்த மலைக்கு என்னைத் தெரியாது."

அதை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதினேன். முத்திரைக்காக நகரசபைக்குப் போன் எடுத்தேன். அதே தேன் குரல்.

"துணையாளரின் கடிதத்துக்கு முத்திரை வைக்கலாம்," என்றாள். "ஆனால் உங்கள் கோப்பு முறையீட்டில் இருக்கிறது. முறையீட்டில் இருக்கும் கோப்பிலிருந்து எதையும் வெளியே கொடுக்க முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், வேறு ஊர் ஆய்வாளர் ஒருவர் கிடைத்துவிட்டார். அடுத்த வியாழன் விசாரணை. நீங்கள் வென்றுவிடுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன்."

"வென்றால் முத்திரை கிடைக்குமா?"

"வென்றால் கோப்பே இருக்காதே."

ஆகவே முறையீட்டைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கும் படிவம் உண்டு. அதில் ஒரே கேள்வி: "உங்களை நீங்கள் நலிவுற்றவராகக் கருதுகிறீர்களா? உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்."

ஆராய்ச்சிக்காக இந்தக் கேள்வியை நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டிருக்கிறேன். பலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது நானும் ஜன்னலைப் பார்த்தேன். முதலில் ஆம் என்று மட்டும் போட்டேன். பிறகு எழுதினேன்: "என் அப்பாவின் வீட்டுக்குப் பின்னால் மண் இறங்குகிறது. அது எப்படி இருக்கிறது என்று வாராவாரம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது. என் மகள் பேசும் தமிழ் என் அப்பாவுக்குப் பாதிதான் புரியும். நடுவில் நான் இருக்கிறேன்."

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் முத்திரை வைத்த கடிதம் வந்தது. கூடவே ஒரு வாழ்த்து அட்டை: "ஏற்றுக்கொள்வதே முதல் படி."

7

பல்கலைக்கழகத்தில் செய்தி பரவிவிட்டது. இப்போது மதிய உணவின்போது என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். ஒருவர் என் தட்டைத் தூக்கிக் கொடுத்தார். நான் என் அடிக்குறிப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுப்பதற்குப் புள்ளி போடுவதற்கு முன்னால், ஏன் மறுக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்கலாம் என்று.

டோர்பியோன் வந்துகொண்டுதான் இருக்கிறார், இப்போது மூன்று மணி வரை இருப்பார். லியா இப்போது புதன்கிழமை பள்ளி விட்டு ஓடி வருகிறாள். தாத்தாவுக்கும் டோர்பியோனுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது அவள்தான். "சுவர் எப்பிடி இருக்கு எண்டு கேக்கிறார் தாத்தா," என்பாள். "எப்பிடி எண்டா? இருக்கு எண்டு சொல்லு," என்று அப்பா அவளைப் போலவே பேசிச் சிரிப்பார். அவர் அவளைத் திருத்துவதில்லை.

இலங்கைக்குக் கடிதம் அனுப்பி மூன்று மாதம் வரை பதில் வரவில்லை. அந்தப் பதினோரு குடும்பமும் இன்னும் போகவில்லை. இடம் அளக்க ஆள் வர வேண்டுமாம். தார்ப்பாய் முறைப்படி சுற்றிக்கொண்டிருந்தது.

போன புதன்கிழமை அழைத்தபோது அப்பா நேரே விஷயத்துக்கு வந்தார். "கடுதாசி வந்திருச்சு. பட்டியல்ல சேத்துட்டாங்களாம். செல்வி மவன் படிச்சுச் சொன்னான்."

லியா கத்தினாள். டோர்பியோன் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் கை தட்டினார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"எப்பப்பா வந்துச்சு? ஆபீஸ்லருந்து யாரு கொண்டாந்தா?"

"ஆபீஸ்லருந்து இல்ல புள்ள. தபால்காரன் மேல ஏறி வந்தான். மொதத் தடவையா லயத்துக்கு வாறான், மூச்சு வாங்குது அவனுக்கு. கதவுல நம்பரப் பாத்துப் பாத்து ஏழாம் நம்பருக்கு முன்னாடி வந்து நின்னு, எம்பேரு முழுசையும் சொல்லிக் கூப்பிட்டான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ளதான். கதவுக்குப் பின்னாடி." அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒடனே வெளிய வரல. இன்னொருக்காக் கூப்புடட்டும்னு நின்னேன்."